வரம்புகள்

மூன்றாமாண்டு, புவியியல், தனி ஆய்வு.
"தலைப்பு உன்னோடது. மார்ச்சுல பார்க்கிறேன்"
கையெழுத்துப் போட்டுவிட்டு
விடைத்தாள் திருத்தப் போய்விட்டார் வழிகாட்டி.

பள்ளத்தூரில் நான் எண்ணிய கிணறுகள் நூற்றிப்பத்து.
சீட்டுக் குலுக்கி எடுத்தவை முப்பத்தொன்று.
கேள்வி ஒன்றுதான்:
ஊருணியை விட்டுத் தள்ளிப் போகப் போக
தண்ணீரும் கீழே போகிறதா?

கருவி வாங்கக் காசில்லை.
கொத்தனார் அண்ணனின் முப்பது மீட்டர் டேப்,
அதன் நுனியில் குப்புறக் கட்டிய எவர்சில்வர் மூடி.
இறக்கிவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும்.
தொப் என்றால் தண்ணீர்.
டங் என்றால் கல்.
எதுவும் கேட்காவிட்டால்
அரிசி மூட்டை லாரி போகிறது, பொறு.

டேப் பிடிக்க ஒன்பதாம் வகுப்பு முகிலரசு.
கூலி, கிணற்றுக்கு ஒரு பஜ்ஜி.
போட்டோ எடுப்பதும் அவன்தான்,
கிணற்றைவிட அதில் அவன்தான் அதிகம் இருப்பான்.

"கவர்மெண்டா?"
"இல்லைங்க, காலேஜ்."
"தண்ணிக்கு வரி போடப் போறாகளா?"
"இல்லைங்க, கட்டுரை எழுதணும்."
"கட்டுரைக்கா கெணத்துக்குள்ள தலைய விடுற?"

இருபத்திரண்டாம் சீட்டு ஒரு பூட்டிய வீடு.
குலுக்கலுக்குப் பூட்டு தெரியாது.
காவல்காரர் அடைக்கலம்
கோலாலம்பூருக்கு வீடியோ கால் போட்டார்.
திரையில் பல் துலக்கிக்கொண்டே ஒருவர் கேட்டார்:
"நம்ம வீட்ல கெணறு இருக்கா?"
இரண்டாம் கட்டுக்குப் பின்னால் இருந்தது.
ஆறு மீட்டர் நாற்பத்திரண்டு.
அவருக்கும் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

நவம்பர் முடிந்தது. வரைபடம் போட்டேன்.
புள்ளிகள் ஒரு சாய்வில் வந்து நின்றன,
ஏறக்குறைய.
அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

பொங்கலுக்கு அண்ணன் டேப்பைத் திருப்பிக் கேட்டான்.
உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"நுனி எங்க? எட்டுல இருந்துல்ல ஆரம்பிக்குது."

எட்டு சென்டிமீட்டர்.
எங்கோ ஒரு கைப்பிடிச் சுவரில் அறுந்து
எந்தக் கிணற்றிலோ கிடக்கிறது.
மூடியை மறுபடி கட்டியவன் முகிலரசு.
எப்போது என்று அவனுக்கு நினைவில்லை.
பஜ்ஜி சாப்பிட்ட பிறகாம்.

முதலிலிருந்தே அறுந்திருந்தால் கவலையில்லை,
முப்பத்தொன்றும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கும்,
சாய்வு அப்படியே நிற்கும்.
நடுவில் அறுந்ததுதான் சிக்கல்.
மறுபடி போய் அளக்கலாமே என்றாள் அறைத்தோழி.
நவம்பர்த் தண்ணீரை
ஜனவரியில் எங்கே போய் அளப்பது?

அவன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கினேன்.
பதினொன்றாம் கிணற்றில் நுனியின் சிவப்பு தெரிகிறது.
பதினைந்தில் இல்லை.
பன்னிரண்டில் என் கை மறைக்கிறது,
பதின்மூன்றில் அவன் கட்டைவிரல்,
பதினான்கில் ஒரு ஆடு.

பதினைந்திலிருந்து எட்டெட்டாய்க் கழித்தேன்.
இந்த மூன்றை என்ன செய்ய?
கழித்தால் இரண்டு கோட்டில் உட்காருகின்றன,
கழிக்காவிட்டால் ஒன்று.
கழித்துவிடு, யாருக்குத் தெரியும் என்றது
எனக்குள் அரை மதிப்பெண் ஆசை.
ஆட்டுக்குத் தெரியும்.

'ஆய்வின் வரம்புகள்' என்று ஒரு பகுதி உண்டு.
சீனியர்கள் நான்கு வரியில் முடிப்பார்கள்:
நேரமின்மை, பொருளாதாரம், இன்ன பிற.
என்னுடையது மூன்றரைப் பக்கம் போயிற்று.
ஆட்டையும் எழுதினேன்.
மூன்று கிணற்றுக்கும் பக்கத்தில்
ஒவ்வொரு நட்சத்திரக் குறி.

காரைக்குடியில் பைண்டிங் கடைக்காரர்
பக்கங்களைச் சரி பார்த்துக்கொண்டே வந்தவர்
பின்னிணைப்பில் நின்றார்.
"இந்த மூணும் தப்பா விழுந்திருக்கு போல.
எடுத்துரட்டா?"

"இருக்கட்டும்ண்ணே" என்றேன்.
"அட்டை பச்சையா, நீலமா?"